பின்கையைப் பாருங்கள்: கோயில் சிலைகளை அடையாளம் காணும் முறை

சிவன் கோயில் பிராகாரம், வடபக்கச் சுவர். சுவர் மாடமான கோட்டத்தில் நிற்கும் சிலையின் பின்கைகளில் சங்கும் சக்கரமும் இருக்கும். "இங்கேயும் பெருமாள் இருக்கார் பாரு" என்று கும்பிட்டுவிட்டு நகர்பவர்கள் உண்டு. கண்ணை இரண்டு முழம் கீழே இறக்கினால் காலடியில் எருமைத் தலை தெரியும். அது துர்க்கை. சங்கையும் சக்கரத்தையும் சரியாகத்தான் பார்த்தார்கள். அந்த ஒன்றோடு நின்றுவிட்டதுதான் பிழை.

ஒரு குறியை மட்டும் வைத்து எந்தச் சிலையையும் முடிவு செய்ய முடியாது. சிலை இருக்கும் இடம், கைகளின் எண்ணிக்கை, பின்கைகளில் இருப்பது, தலைமுடி, காது, காலடி, கூட நிற்பவர்கள் என்ற வரிசையில் பார்த்தால் பத்தில் எட்டுச் சிலைகள் பிடிபட்டுவிடும். சக்கரம் எதைக் குறிக்கிறது, உடுக்கை எதைக் குறிக்கிறது என்ற பொருள் விசாரணையெல்லாம் அதற்குப் பிறகு வருவது. ஆளே தெரியாமல் பொருள் சொல்லத் தொடங்குவதால்தான் இத்தனை குழப்பம்.

எதற்கும் முன்னால் ஒன்று. சிலையின் வலம், இடம் என்றால் சிலையின் சொந்த வலம், இடம். பார்க்கும் நம்முடையது இல்லை. எதிரே நின்று பார்க்கும்போது அதன் வலக்கை நம் இடப்பக்கம் வரும். வலம்புரிப் பிள்ளையாரை இடம்புரி என்று அடித்துச் சொல்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

கையில் என்ன வேண்டும், எப்போது போக வேண்டும்

சிறிய டார்ச், நோட்டு, பென்சில், எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். பைனாகுலர், கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் மேல்தளத்துக்கு. டார்ச்சை நேராகச் சிலைமேல் அடித்தால் புடைப்பு முழுக்கத் தட்டையாகிவிடும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, கல்லின்மேல் வெளிச்சம் சறுக்கிப் போகும்படி அடியுங்கள். மழுங்கிய மானின் காது, பூணூலின் புரி, விரலிடுக்கு எல்லாம் நிழலோடு எழும்பி வரும். கருவறைக்குள் டார்ச் வேண்டாம். எண்ணெய் பூசிய சிலைகளைத் தொடவும் வேண்டாம்.

சூரியனே நல்ல விளக்கு. தமிழ்நாடு இருக்கும் அட்சரேகையில் மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தென்சுவருக்கு வெயில் நன்றாகக் கிடைக்கும். வடசுவர் நிழலிலேயே கிடக்கும். வைகாசி, ஆனியில் கதை தலைகீழ். உச்சியில் சூரியன் கொஞ்சம் வடக்கே நிற்பதால் பிரம்மாவும் துர்க்கையும் இருக்கும் வடசுவரில் வெயில் மேலிருந்து வழியும். வடசுவரைப் படிக்க அதுதான் பருவம்.

உற்சவர் பட்டு உடுத்தி மாலை போட்டிருக்கும்போது அடையாளம் காண முயல்வது வீண். முகமும் பாதமும்தான் தெரியும். அபிஷேக நேரத்தில் போனால் முழு உருவமும் கிடைக்கும். அதேபோல, கோபுரத்தில் சுண்ணச்சாந்தால் செய்த சுதை உருவங்களைப் பார்த்துப் பாடம் படிக்காதீர்கள். குடமுழுக்குக்குக் குடமுழுக்கு உடைந்த விரலையும் ஆயுதத்தையும் புதிதாகச் செய்து வண்ணம் அடிக்கிறார்கள். மானுக்குப் பதில் நாய்க்குட்டி மாதிரி ஒன்று உட்கார்ந்திருப்பதும் நடக்கும். கல்லில் படியுங்கள். சுதையில் சோதித்துப் பாருங்கள்.

முதலில் இடம்

கிழக்கு பார்த்த சிவன் கோயிலில் கருவறையைச் சுற்றி வலம் வந்தால் தேவகோட்டங்களின் வரிசை பெரும்பாலும் இதுதான்: கருவறைக்கு முன்னால் ஒட்டியிருக்கும் அர்த்தமண்டபத்தின் தென்சுவரில் பிள்ளையார், கருவறைத் தென்சுவரில் தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கத்திலிருந்து வெளிப்படும் சிவனான லிங்கோத்பவர், வடக்கே பிரம்மா, அர்த்தமண்டப வடசுவரில் துர்க்கை. பல்லவர் கோயில்களிலும் முற்காலச் சோழர் கோயில்களிலும் மேற்குக் கோட்டத்தில் லிங்கோத்பவருக்குப் பதில் திருமால் நிற்பது உண்டு. வடபக்கம் தனிச் சிறு சந்நிதியில் கருவறையை நோக்கி உட்கார்ந்திருப்பவர் சண்டிகேசுவரர். கையில் மழு என்ற கோடரி இருக்கும். அவர்மேல் வேட்டி நூலைப் பிய்த்துப் போடுகிறார்களே, அதற்கு எந்தச் சம்பிரதாயமும் இல்லை.

திசை குழம்பினால் கோமுகையைத் தேடுங்கள். அபிஷேக நீர் வெளியேறும் அந்தக் கல் தூம்பு, கோயில் கிழக்கு பார்த்தாலும் மேற்கு பார்த்தாலும், வடக்கில்தான் இருக்கும்.

விமானத்தின் கழுத்துப் பகுதியில், சிகரத்துக்குக் கீழே நான்கு மூலைகளில் உட்கார்ந்திருக்கும் விலங்கைப் பைனாகுலரில் பாருங்கள். நந்தி என்றால் சிவன் கோயில், கருடன் என்றால் பெருமாள் கோயில், மயில் என்றால் முருகன். மூலவர் மாற்றப்பட்ட, அல்லது சந்நிதி காலியாகக் கிடக்கும் பழைய கோயில்களில் இந்த மூலை விலங்கு நல்ல சாட்சி. எதிரே நிற்கும் ஊர்தியில் விலக்கு வரும். திருத்தணியிலும் சுவாமிமலையிலும் முருகனுக்கு எதிரே மயில் இல்லை, யானை நிற்கிறது. யானை முருகனுக்குப் பழைய ஊர்திதான். சங்கப் பாட்டில் அதற்குப் பிணிமுகம் என்றே பெயர்.

பிறகு கைகள்

கைகளை எண்ணுங்கள். தெய்வத்துக்குச் சாதாரணமாக நான்கு. தேவி தன் சந்நிதியில் மூலவராக இருந்தால் நான்கு கை, கணவனுக்குப் பக்கத்தில் நிற்கும்போது இரண்டு கை என்பது பொது விதி. நடராசருக்குப் பக்கத்துச் சிவகாமியைப் பாருங்கள். மதுரை மீனாட்சி இரண்டு கையோடும் கிளியோடும் நிற்பது விலக்கு. பிள்ளையார்பட்டிக் குடைவரைப் பிள்ளையாருக்கு இரண்டே கை என்பது இன்னொரு விலக்கு. அடியார், வாயிற்காவலர்களில் சிறியோர், அரசர் ஆகியோர் இரண்டு கைக்காரர்கள்.

நான்கு கைகளில் முன்கைகள் இரண்டும் என்ன செய்கின்றன என்று சொல்பவை. பின்கைகள் இரண்டும் யார் என்று சொல்பவை. அஞ்சேல் என்று உள்ளங்கை காட்டும் அபயமும், கீழ்நோக்கி விரித்துக் கொடுக்கும் வரதமும், இடுப்பில் வைத்த கடியும் சிவனுக்கும் உண்டு, திருமாலுக்கும் உண்டு, முருகனுக்கும் உண்டு. அவற்றை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. ஆகவே பின்கை.

மழுவும் மானும் என்றால் சிவன். ஆயுதத்தை இறுக்கிப் பிடித்திருக்க மாட்டார். இரண்டு விரல்களை உயர்த்தி, கத்தரிக்கோல் மாதிரி இடுக்கில் நிறுத்தியிருப்பார். வலப் பின்கையில் சக்கரம், இடப் பின்கையில் சங்கு என்றால் திருமால். திருக்கோவலூர் உலகளந்த பெருமாள் இதை மாற்றி வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமும் ஏந்தியிருக்கிறார். அது அந்தத் தலத்துச் சிறப்பு. செபமாலையான அக்கமாலையும் கமண்டலமும் என்றால் பிரம்மா. புடைப்புச் சிற்பத்தில் அவருக்கு மூன்று தலைதான் தெரியும், நான்காவது கல்லுக்குள். பாசமும் அங்குசமும் பிள்ளையாருக்கு, முன்கைகளில் ஒடிந்த தந்தமும் மோதகமும். முருகனுக்குப் பின்கைகளில் சக்தி என்ற குறுவேலும் வச்சிரமும். சாத்தி வைத்திருக்கும் நீண்ட வேலைத் தேடாதீர்கள். பழைய கற்சிலைகளில் பெரும்பாலும் அது இருக்காது, பின்னால் வெள்ளியில் செய்து சேர்த்தது. முருகனின் இன்னொரு பழைய அடையாளம் மார்பில் குறுக்கே ஓடும் சன்னவீரம். போர்வீரன் அணி அது.

கையில் ஒன்றுமே இல்லை, ஆனால் எதையோ பிடித்திருக்கும் பாவனை இருக்கிறது என்றால் அதையும் ஆயுதமாகக் கணக்கில் எடுங்கள். செப்புத் திருமேனிகளில் வில்லும் வீணையும் தனியாகச் செய்து பொருத்தப்பட்டவை, காலத்தில் தொலைந்துபோனவை. ஒரு கை உயர்ந்து வில்லின் நடுவைப் பிடித்த மாதிரி, இன்னொரு கை தாழ்ந்து அம்பின் அடியைப் பிடித்த மாதிரி இருந்தால் வில்லேந்தியவர். இரண்டு கை மட்டும் என்றால் இராமர் என்று நினைக்கலாம். பின்கைகளில் மழுவும் மானும் இருந்தால் முப்புரம் எரித்த சிவனான திரிபுராந்தகர். இரண்டு முன்கைகளும் மார்புக்கு முன்னே சரிவாக, விரல்கள் தந்தியை மீட்டும் வளைவில் இருந்தால் வீணாதரர்.

முடி, காது, மார்பு

பின்கை உடைந்துபோன சிலைகள் ஏராளம். மெலிந்து நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அது, முதலில் உடைவதும் அதுதான். அப்போது தலைக்குப் போங்கள். சடையைச் சுருட்டிக் கட்டிய சடைமகுடம் சிவனுக்கும் பிரம்மாவுக்கும். உயர்ந்த உருளையான கிரீடமகுடம் திருமாலுக்கு. கலயங்களைக் கவிழ்த்து அடுக்கிய மாதிரி மேலே போகப்போகக் குறுகும் கரண்டமகுடம் தேவியருக்கும் பிள்ளையாருக்கும் முருகனுக்கும். தீப்போல எழும்பி நிற்கும் முடி காளிக்கும் பைரவருக்கும். தட்சிணாமூர்த்திக்கும் பிட்சாடனருக்கும் விரிந்த சடைபாரம்.

சிவன்தானா என்று இன்னும் ஐயம் இருந்தால் காதுகளை ஒன்றுக்கொன்று ஒப்பிடுங்கள். பல சிலைகளில் வலக்காதில் மகரகுண்டலமும் இடக்காதில் வட்டமான பனையோலைச் சுருளும் இருக்கும். ஆண் அணி ஒருபுறம், பெண் அணி மறுபுறம். உமை பாதி என்பது காதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சம்பந்தர் முதல் பாட்டின் முதற் சொல்லிலேயே பிடித்தது இந்தத் தோட்டைத்தான். திருமாலுக்கு வலமார்பில் சிறு முக்கோணம் போன்ற திருமறு தெரியும். அது திருமகள் இருப்பிடம்.

பெருமாளுக்கு இருபுறமும் நிற்கும் தேவியரில் யார் யார் என்பது எளிது. அவருக்கு வலப்பக்கம் ஸ்ரீதேவி, மார்பில் கச்சு இருக்கும். இடப்பக்கம் பூதேவி, கச்சு இருக்காது. முருகனுக்கு வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை.

அடிக்கடி மாற்றிச் சொல்லப்படுபவை

ஆடையில்லாத சிவன் இரண்டு வடிவில் வருவார், இரண்டையும் பைரவர் என்றே சொல்லிவிடுகிறார்கள். காலில் மரச் செருப்பான குறடும், துள்ளி எழும்பும் மானும், தலையில் பாத்திரம் சுமக்கும் குள்ளப் பூதமும் இருந்தால் பிட்சாடனர், பிச்சைக்கு வந்தவர். பக்கத்தில் நாயும், தீமுடியும், கையில் கபாலமும் இருந்தால் பைரவர். பிட்சாடனர் போலவே குறடு போட்டு, ஆனால் ஆடை உடுத்தி, தோளில் எலும்பு கட்டிய தண்டோடு வருபவர் கங்காளர்.

எலும்பும் தோலுமான பெண் உருவம் எல்லாம் சாமுண்டி ஆகிவிடாது. ஆடும் பெருமான் காலடியில் உட்கார்ந்து தாளம் தட்டிக்கொண்டிருந்தால் காரைக்கால் அம்மையார். கங்கைகொண்ட சோழபுரத்துத் தென்சுவரில் ஆடவல்லான் கோட்டத்தில் நன்றாகப் பார்க்கலாம். சாமுண்டி பெரும்பாலும் அன்னையர் எழுவர் வரிசையில் வருவாள். பிராமி, மகேசுவரி, கௌமாரி, வைஷ்ணவி, வராகி, இந்திராணி, சாமுண்டி என்ற அந்த வரிசையில் ஒவ்வொருத்தியும் அந்தந்தத் தேவன் ஆயுதத்தையே ஏந்தியிருப்பாள். பன்றி முகத்தை முதலில் பிடியுங்கள், அது வராகி. அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணினால் மற்றவர்கள் வந்துவிடுவார்கள்.

தட்சிணாமூர்த்தியையும் ஐயனாரையும் குழப்புவதற்குக் காரணம் இருவருக்கும் ஒரு கால் தொங்கும், இருவருக்கும் சடை விரிந்திருக்கும். தட்சிணாமூர்த்திக்கு நான்கு கை, காலடியில் மிதிபடும் குள்ள அசுரன் முயலகன், கீழே முனிவர்கள், முன்கையில் சின்முத்திரை. ஐயனாருக்கு இரண்டு கை, நுனி வளைந்த கோலான செண்டு, யானை, இருபுறமும் பூரணையும் புட்கலையும்.

இன்னொருத்தி குளக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் கேட்பாரின்றிக் கிடப்பாள். பெருத்த வயிறு, இரண்டு காலையும் தொங்கவிட்டு அகன்று உட்கார்ந்த நிலை, ஒருபுறம் மாட்டு முகத்தோடு ஓர் ஆண், மறுபுறம் இளம்பெண், மேலே காக்கைக் கொடி. மூத்ததேவி, தவ்வை. இன்று மூதேவி என்று வசையாகப் போன அதே பெயர். பல்லவரும் பாண்டியரும் அவளுக்குக் கோயிலுக்குள் இடம் கொடுத்தார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் திருப்பரங்குன்றத்துக் குடைவரையிலும் இருக்கிறாள். பிற்காலத்தில் வழிபாடு நின்று வெளியே வந்தாள். கிராமங்களில் வேறு அம்மன் பெயரில் மஞ்சள் பூசிக் கும்பிடும் சிலையில் மாட்டு முகத்துப் பிள்ளை தெரிகிறதா என்று பாருங்கள்.

சூரியன் எளிது. இரண்டு கை, இரண்டிலும் தோள் உயரத்துக்குத் தாமரை. வடநாட்டுச் சூரியன் முழங்கால் வரை காலணி போட்டிருப்பார், நம் பக்கத்துச் சூரியனுக்கு வெறுங்கால்.

உட்கார்ந்து தியானிப்பவர் யார்?

கண் மூடி, கால் மடித்து, மடியில் கைமேல் கை வைத்து உட்கார்ந்திருக்கும் கற்சிலையைப் பார்த்ததும் ஊரில் முனி என்பார்கள், வெளியூர்க்காரர் புத்தர் என்பார், பாதி நேரம் அது சமணர் வணங்கும் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களில் ஒருவராக இருக்கும். பிரித்தறிய மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் உடை. புத்தருக்குத் துறவியின் சீவர ஆடை உண்டு. வலத்தோள் திறந்திருக்கும், இடத்தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே ஆடையின் விளிம்புக் கோடு ஓடும். மழுங்கிய கல்லில் அந்தக் கோடு ஒரு நூலளவுதான் இருக்கும், பக்கவாட்டு வெளிச்சம் இல்லாமல் தெரியாது. தமிழ்நாட்டுத் தீர்த்தங்கரர் திகம்பரர், ஆடைக் கோடே கிடையாது. இரண்டாவது தலை. புத்தருக்கு உச்சியில் முடிச்சுப் போன்ற மேடு உண்டு. நாகப்பட்டினத்துச் செப்புத் திருமேனிகளில் அந்த மேட்டின்மேல் தீச்சுடர் எழும்பும். அங்கே 1856 முதல் கிடைத்த 350க்கு மேற்பட்ட புத்தர் உருவங்களில் ஒரு தொகுதியைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மூன்றாவது தலைக்கு மேல். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை அடுக்கியிருந்தால் முக்குடை, தீர்த்தங்கரர். நிற்கும் உருவம் என்றால் இன்னும் எளிது: கைகள் உடம்பைத் தொடாமல் நேராகத் தொங்கினால் சமணம்.

எந்தத் தீர்த்தங்கரர் என்பது அடுத்த கேள்வி. இருபத்து நால்வருக்கும் பீடத்தில் பொறிக்கும் அடையாளச் சின்னமான இலாஞ்சனம் வேறுவேறு. ஆதிநாதருக்குக் காளை, சந்திரப்பிரபருக்குப் பிறை, நேமிநாதருக்குச் சங்கு, மகாவீரருக்குச் சிங்கம் என்று போகும். சங்கைப் பார்த்ததும் திருமால் என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் கழுகுமலை போன்ற பழைய பாறைச் சிற்பங்களில் இலாஞ்சனம் பெரும்பாலும் செதுக்கப்படவில்லை. அங்கே பெயர் சொல்ல முடிவது சிலருக்குத்தான். தலைக்கு மேல் படம் எடுத்த நாகம், மேலே பாறையைத் தூக்கி எறியவரும் பகைவன் கமடன், பக்கத்தில் குடை பிடிக்கும் பத்மாவதி என்றால் பார்சுவநாதர். கால் கைகளில் கொடி சுற்றி, இருபுறமும் இரண்டு பெண்கள் நின்றால் பாகுபலி. இருபத்து நால்வரில் சேராதவர்.

சிங்கத்தின்மேல் பெண் என்றவுடன் துர்க்கை என்பதும் தவறலாம். கீழக்குயில்குடிச் சமணர்மலையின் செட்டிப்புடவில் சிங்கத்தின்மேல் உட்கார்ந்து வில் ஏந்தி, யானைமேல் வரும் வீரனோடு பொரும் ஒரு பெண் இருக்கிறாள். பக்கத்துப் புடைப்புகளில் எல்லாம் முக்குடையோடு தீர்த்தங்கரர்கள். அவள் சமணத்தின் காவல் தெய்வமான இயக்கி. எருமைத் தலை எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாமல்லபுரத்துக் குடைவரையில் சிங்கத்தில் வருபவளுக்கு எதிரே எருமைத் தலையோடு அசுரன் நிற்கிறான், சந்தேகத்துக்கே இடமில்லை.

இப்படிப் பார்ப்பது நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்ட சிலை புத்தர் சிலை என்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொல்லியல் துறை ஆய்வு பார்த்தது எவற்றை? தாமரைப் பீடம், அரைப் பத்மாசனம், தியான முத்திரை, சுருள்முடி, உச்சி மேடு, நீண்ட காது மடல். துண்டான தலையைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்த தழும்பிலிருந்துதான் தலைவெட்டி என்ற பெயரே வந்திருக்க வேண்டும்.

பௌத்தத்தின் முற்காலக் கலையில் புத்தர் உருவமே வராத காலம் ஒன்று உண்டு. வெறும் இருக்கை, பாதச் சுவடு, போதிமரம், சக்கரம் ஆகியவைதான் அவர். எழும்பூரில் இருக்கும் அமராவதிப் பலகைகளில் மக்கள் கும்பிடும் நடு இடம் காலியாக இருந்தால் சிற்பம் முடியவில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு மான்களுக்கு நடுவே சக்கரம் என்றால் சாரநாத்தில் நடந்த முதல் உபதேசம்.

சிலை இல்லாமல் தனியே நிற்கும் குறிகள்

வயல் வரப்பில் சூலம் பொறித்த கல் நின்றால் அங்கே யாரும் சிவனை வழிபட நடவில்லை. அது எல்லைக்கல். சிவன் கோயில் நிலத்துக்குச் சூலக்கல், பெருமாள் கோயில் நிலத்துக்குச் சக்கரம் பொறித்த திருவாழிக்கல், சமணப் பள்ளி நிலத்துக்கு முக்குடைக்கல். இந்நிலம் இன்ன கோயிலுக்கு உரியது என்பதே பொருள். பத்திரத்தில் முத்திரை மாதிரி. கல்வெட்டின் தலைப்பில் சூரியனும் பிறையும் இருந்தால், சந்திர சூரியர் உள்ளவரை இக்கொடை செல்லும் என்ற வாசகத்தின் படம் அது. நவக்கிரகம் என்று எழுதிவைத்துவிடாதீர்கள்.

கோபுர வாயிலின் உட்சுவரில் பன்றி ஒன்றும் அதன் முன்னே நிமிர்ந்த வாளும் இருக்கும். வராக அவதாரம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அவதாரத்துக்கு மனித உடல், பூமகளைத் தூக்கியிருக்கும். முழுப் பன்றியும் வாளும் விசயநகர அரசின் இலச்சினை. அந்தப் பகுதி அவர்கள் காலத்தில் கட்டப்பட்டது அல்லது திருத்தப்பட்டது என்பதற்கான சான்று. விதானத்து மீன்களையும் அப்படியே பாண்டியர் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

ஸ்வஸ்திகம் மூன்று மதத்துக்கும் பொது. சமணத்தில் அதன் நான்கு கைகள் உயிர் பிறக்கும் நான்கு கதிகள்: தேவர், மனிதர், விலங்கு, நரகர். மேலே மூன்று புள்ளி நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். அதற்கும் மேலே பிறைபோன்ற வளைவு சித்தர் உலகம், அதிலுள்ள புள்ளி வீடுபெற்ற உயிர். புள்ளிகளும் பிறையும் சேர்ந்திருந்தால் சமணம் என்று தயங்காமல் சொல்லலாம். மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டையொட்டி ஏற்கப்பட்ட பொதுச் சின்னத்திலும் இந்த அமைப்பு இருக்கிறது. புள்ளியில்லாத வெறும் ஸ்வஸ்திகம் எந்த மதத்தையும் உறுதிசெய்யாது. திருவெள்ளறையில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கிணறு ஒன்று ஸ்வஸ்திக வடிவிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. நாலு கைக்கு நாலு படிக்கட்டு.

நாமம் பற்றி ஒரு வரி. மூக்கில் பாதம் இறங்கினால் தென்கலை, புருவத்துக்கு நடுவே வளைந்து முடிந்தால் வடகலை. கோயில் யானையின் நெற்றியைப் பார்த்தாலே போதும். இரண்டிலும் வெள்ளைத் திருமண் பெருமாளின் பாதம், நடுக்கோடு தாயார்.

பொருள் சொல்லும்போது

குறியின் பொருளைச் சொல்லும்போது யாருடைய விளக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூலத்தின் மூன்று முனை முக்குணம் என்பார் ஒருவர், இச்சை ஞானம் கிரியை என்பார் இன்னொருவர். இரண்டும் இருக்கின்றன. வலைத்தளங்களில் வரும் "அறிவியல் காரணம்" பட்டியலுக்கு மட்டும் எந்த மரபிலும் வேர் இல்லை.

நடராசர் வடிவத்துக்கு இந்தச் சிக்கலே கிடையாது. சைவ சித்தாந்தம் தெளிவாகக் கணக்குக் கொடுத்திருக்கிறது. வலப் பின்கை உடுக்கை படைத்தல். வல முன்கை அபயம் காத்தல். இடப் பின்கைத் தீ அழித்தல். முயலகன்மேல் ஊன்றிய கால் மறைத்தல். தூக்கிய கால் அருளல். மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் என்ற நூல் சொல்வது இதுதான், திருமந்திரத்திலும் இதே கணக்கு வருகிறது. இடமுன்கை யானைத் துதிக்கைபோல மார்புக்குக் குறுக்கே நீண்டு வருகிறதே, அதன் விரல் நுனி எங்கே இறங்குகிறது என்று கண்ணால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். தூக்கிய காலில் போய் முடியும். ஐந்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று சிலையே காட்டுகிறது. தூக்குவது வழக்கமாக இடக்கால். மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் கால் மாறி வலக்கால்.

திருமாலின் சக்கரமும் புத்தரின் சக்கரமும் உருவில் ஒன்று, பொருளில் வேறு. சுதர்சனம் ஆயுதம், அதனால் அதற்குத் தீச்சுடர் வைக்கிறார்கள். தருமசக்கரம் உபதேசம், ஆரங்கள் தெரியும், சுடர் இருக்காது. சீக்கியரின் சின்னமான கண்டாவில் வரும் வட்டமும் சக்கரம்தான். நடுவில் இருபுறமும் கூரான வாள், வெளியே இரண்டு கிர்பான்கள். அந்த இரண்டும் உலகியல் அதிகாரம், ஆன்மிக அதிகாரம் என்ற மீரியும் பீரியும்.

லிங்கத்தில் நாம் பார்ப்பது மேல் மூன்றில் ஒரு பங்குதான். அடியில் சதுரமான பிரம்ம பாகம், பீடமான ஆவுடையாருக்குள் எண்பட்டையான விஷ்ணு பாகம், வெளியே உருண்டையான உருத்திர பாகம். உருத்திர பாகமே பட்டை தீட்டியதாக இருந்தால் தாராலிங்கம். ராஜசிம்மன் காலத்துப் பல்லவர் கோயில்களில் பார்க்கலாம்.

நோட்டில் எழுதும்போது பெயரைக் கடைசியாக எழுதுங்கள். "வடசுவர், அர்த்தமண்டபம். நின்ற நிலை. நான்கு கை. பின்வலம் சக்கரம், பின்இடம் சங்கு. முன்வலம் அபயம், முன்இடம் இடுப்பில். கரண்டமகுடம், கச்சு. காலடி எருமைத் தலை." இவ்வளவும் எழுதிய பிறகு துர்க்கை. ஏதாவது ஒன்று பொருந்தாமல் நின்றால் பெயர் போடும் இடத்தைக் காலியாக விட்டு, எது பொருந்தவில்லை என்பதை மட்டும் அடிக்கோடிட்டு வையுங்கள். வேறொரு ஊரில் அதே பொருந்தாமையோடு இன்னொரு சிலை கிடைக்கும். அப்போது இரண்டும் சேர்ந்து பெயர் சொல்லும்.